கடல் கடந்தவரின் உரிமையும் கடந்து போகும் காலக்கெடுவும்



நம் கடற்கரை ஊர்களுக்குச் சபர் புதிதன்று. பாட்டனார் காலத்தில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று சென்றார்கள். தந்தையர் காலம் தொட்டு துபாய், ஜித்தா, தோஹா என்று செல்கிறார்கள். பிழைப்புக்காகக் கடல் கடக்கும் சபுராளி தம் குடும்பத்தை மட்டும் ஊரில் விட்டுச் செல்வதில்லை. வாப்பா விட்டுச் சென்ற சொத்தில் தமக்குரிய பங்கையும், பிறரிடமிருந்து தமக்கு வரவேண்டிய பாக்கியையும் விட்டுச் செல்கிறார். குடும்பத்தைப் பற்றி அன்றாடம் விசாரிப்பவர், மற்ற இரண்டையும் “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒத்திவைக்கிறார். அந்த ஒத்திவைப்பு பத்து ஆண்டுகளாகிறது. சில குடும்பங்களில் இருபது ஆண்டுகளும் ஆகிறது.

இதன் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. “நான் வெளிநாட்டில் அல்லவா இருந்தேன்! அந்தக் காலத்தைச் சட்டம் எனக்கு எதிராக எண்ணாது” என்று பலரும் கருதுகிறார்கள். இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை இது பிழையான நம்பிக்கை. ஊரில் இருப்பவர்கள் சிலரிடம் இதைவிட ஆபத்தான வேறொரு நம்பிக்கை உண்டு. “கெடு முடிந்துவிட்டது, இனி கேஸ் நிற்காது, ஆகவே பொருள் எனக்கே” என்பது அது. முதல் நம்பிக்கை இவ்வுலகில் நஷ்டத்தைத் தரும்; இரண்டாவது மறுமையில் நஷ்டத்தைத் தரும். இரண்டையும் ஒருங்கே பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் யாருடைய பயணத்தைக் கணக்கில் எடுக்கிறது?

நம் நாட்டில் வழக்குத் தொடுப்பதற்கான கெடுவை 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் வகுக்கிறது. வக்கீல்கள் இதை ‘லிமிடேஷன் ஆக்ட்’ என்பார்கள். வெளிநாட்டில் இருப்பது பற்றி இச்சட்டத்தின் 15ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு பேசுகிறது. பிரதிவாதி, அதாவது எவர்மீது வழக்குத் தொடுக்கப்படுகிறதோ அவர், இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. வாதி வெளிநாட்டில் இருந்த காலத்தைக் கழிக்க அந்த உட்பிரிவில் இடமில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் தம் மச்சானுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு ஜித்தாவுக்குப் பயணமாகிறார். திருப்பித் தருவதற்கு நாள் குறிக்கவில்லை. இத்தகைய கடனுக்கு வழக்குத் தொடுக்கும் கெடு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். கேட்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் அதில் உள்ள தேதியிலிருந்தே மூன்று ஆண்டுகள் எண்ணப்படுகின்றன. கொடுத்தவர் நான்காம் ஆண்டில் ஊர் திரும்பி நீதிமன்றம் சென்றால் வழக்கு தள்ளுபடியாகும். மச்சான் கெடுவைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே கெடுவைப் பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3ஆம் பிரிவு பணிக்கிறது.

இப்போது இதையே மாற்றிப் பாருங்கள். கடன் கொடுத்தவர் ஊரில் இருக்கிறார். வாங்கியவர் ஓராண்டு கழித்து ஷார்ஜாவுக்குச் செல்கிறார். அங்கே ஆறு ஆண்டுகள் வேலை. ஆண்டுதோறும் இரண்டு மாத விடுப்பில் ஊர் வருகிறார். அவர் ஊரில் இருந்த முதல் ஓராண்டும், விடுப்பில் வந்த பன்னிரண்டு மாதங்களும் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தாம் கணக்கில் வரும். ஏழு ஆண்டுகள் கடந்த பின்னும் கெடுவில் இன்னும் ஓராண்டு மீதமிருக்கிறது.

ஆக, சபுராளி கடன்பட்டவராக இருந்தால் அவருடைய பயணம் கெடுவை நீட்டுகிறது. கடன் கொடுத்தவராக இருந்தால் ஒரு நாளும் நீட்டுவதில்லை. பலர் நினைத்திருப்பதற்கு இது நேர்மாறானது.

“தாமதத்தை மன்னிக்கும்படி நீதிபதியிடம் கேட்கலாமே?” என்று சிலர் வினவுவர். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடமளிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உரியது. புதிதாகத் தொடுக்கும் உரிமை வழக்குக்கு அது பொருந்தாது. சிறுவர்களுக்கும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களுக்கும் 6ஆம் பிரிவு சலுகை தருகிறது. சபுராளி அந்தப் பட்டியலில் இல்லை. காலம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பின்னர் வரும் எந்த இயலாமையும் அதை நிறுத்தாது என்றும் 9ஆம் பிரிவு சொல்கிறது.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1623ஆம் ஆண்டுச் சட்டம், கடல் கடந்திருந்த வாதிக்கும் சலுகை அளித்தது. கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்த காலம் அது. 1856இல் வாதிக்கான அச்சலுகை நீக்கப்பட்டது. பிரதிவாதி கடல் கடந்திருப்பது பற்றிய விதி அதன்பின்னும் நீடித்தது. நம் நாட்டுச் சட்டமும் இந்த வழியில்தான் நிற்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து வழக்கை நடத்தலாம். ஆனால் வெளிநாட்டுக்குச் சென்றுவிட்டவரைப் பிடித்து வழக்காடுவது கடினம். இதுவே அந்த வேறுபாட்டின் நியாயம்.

நிலமும் வீடும்

அசையாச் சொத்தில் கெடு நீளமானது, இழப்பும் பெரியது. ஒருவருடைய மனையை மற்றொருவர் வேலி போட்டு வளைத்து, வெளிப்படையாகத் தமது என்று சொல்லி, இடையறாமல் அனுபவித்து வந்தால், உரிமையாளர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். உரிமையாளர் ரியாத்தில் இருந்தார் என்பது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நீட்டாது. கெடு கடந்தால், 27ஆம் பிரிவின்படி, வழக்கு மட்டுமன்றிச் சொத்தின்மீதான உரிமையே சட்டத்தின் பார்வையில் அழிந்துவிடுகிறது. கடனில் வழக்காடும் வழிதான் அடைபடும். நிலத்திலோ உரிமையே போய்விடும்.

வாரிசுச் சொத்தில் சற்று ஆறுதல் உண்டு. வாப்பா மௌத்தான கணமே அவருடைய சொத்தில் வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் ஷரீஅத் விதித்த பங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டை அனுபவித்து வந்தால், அவர் எல்லாப் பங்காளிகளின் சார்பிலும் அனுபவிப்பதாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. தம்பி பன்னிரண்டு ஆண்டுகள் தமாமில் இருந்தார் என்ற ஒரே காரணத்தால் அவர் பங்கு போய்விடாது. ஆனால் “உனக்கு இங்கே பங்கு இல்லை” என்று அண்ணன் வெளிப்படையாக மறுத்து, அது தம்பிக்குத் தெரியவும் வந்துவிட்டால், அங்கிருந்து காலம் ஓடத் தொடங்கும். பட்டா மாறியதும், சொத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டதும், தொலைபேசியில் சொன்ன கடுஞ்சொல்லும் எல்லாம் பின்னாளில் “மறுப்பு எப்போது நிகழ்ந்தது?” என்ற போராட்டத்தில் சாட்சிகளாக வந்து நிற்கும். ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்துசெய்யக் கோருவதற்கோ, விவரம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. ஆகவே, தெரிந்த பிறகு “அடுத்த விடுப்பில் பேசிக்கொள்ளலாம்” என்று இருப்பது தன் உரிமையைத் தானே கரைப்பதாகும்.

நம் உறவினர்கள் பலர் வாழும் இலங்கையில் சட்டம் வேறு. அங்கே 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தவர் அசையாச் சொத்தில் உரிமை கோரலாம். ஆயினும் வழக்குரிமை எழுந்தபோது உரிமையாளர் கடல் கடந்து இருந்தால், அந்த இயலாமை நீங்கும் வரை அப்பத்து ஆண்டுகள் ஓடத் தொடங்குவதில்லை. அதற்கும் எல்லை உண்டு. முப்பது ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்தவருக்கு எதிராக அந்தச் சலுகையும் செல்லாது. எனவே கொழும்பில் உள்ள சொந்தக்காரர் சொன்ன விதியை இராமநாதபுரத்து மனைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வளைகுடாவில் வேலை முடிந்து, சம்பள பாக்கியோடு ஊர் திரும்பியவருக்கு, அந்நாட்டுச் சட்டத்தின் கெடு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சவூதி தொழிலாளர் சட்டத்தில், வேலை உறவு முடிந்து பன்னிரண்டு மாதங்கள் கடந்த பின் கொண்டுவரும் கோரிக்கை பொதுவாக ஏற்கப்படுவதில்லை. “இன்னொரு விசா கிடைத்துப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம்” என்று இரண்டு ஆண்டுகள் காத்திருப்பவர், உழைத்த கூலியை இழக்கக்கூடும்.

ஃபிக்ஹ் என்ன சொல்கிறது?

காலக்கெடு என்பதே இஸ்லாத்துக்கு அந்நியமானது என்று எண்ணிவிட வேண்டாம். உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லா, கடன், அமானிதம், சொத்து, வாரிசுரிமை முதலிய வழக்குகளைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் காழி விசாரிக்கக் கூடாது என்று 1660ஆம் விதியில் சொல்கிறது. சாட்சிகள் மௌத்தாகிவிடுவர், எழுத்துகள் அழிந்துவிடும், பொய் வழக்குகளுக்கு வாசல் திறக்கும். இவற்றைத் தடுப்பது நியாயமே.

ஆனால் அந்த விதிகளோடு சேர்ந்து வரும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, தக்க காரணமின்றிக் கடந்த காலம் மட்டுமே எண்ணப்படும் என்று 1663ஆம் விதி சொல்கிறது. வாதி சிறுவராகவோ, புத்தி சுவாதீனம் இல்லாதவராகவோ, பயண தூரத்தில் உள்ள வேறு ஊரில் இருப்பவராகவோ, எதிராளியின் ஆதிக்கத்துக்கு அஞ்சியவராகவோ இருந்தால், அந்தக் காலம் கணக்கில் வராது. நம் ஃபுகஹாக்கள் பயணியின் நிலையை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. காலம் கடந்துவிட்டதால் ஹக் விழுந்துவிடாது என்பது 1674ஆம் விதி. கெடு கடந்த வழக்கிலும் பிரதிவாதி “ஆம், இவருக்கு என்னிடம் ஹக் உண்டு” என்று ஒப்புக்கொண்டால், காழி அதன்படி தீர்ப்பளிக்க வேண்டும். அதாவது, கெடு காழியின் செவியை மூடுகிறது. கடன்பட்டவரின் பொறுப்பை நீக்குவதில்லை.

இதை நாம் ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும். அநியாயமாகப் பிறர் பொருளைத் தின்பதையும், தெரிந்தே பிறர் பொருளில் ஒரு பகுதியை விழுங்குவதற்காக விவகாரத்தை அதிகாரிகளிடம் கொண்டு செல்வதையும் சூரத்துல் பகராவின் 188ஆம் வசனம் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்கள், தாமும் மனிதரே என்றும், வழக்காடுவோரில் வாதத் திறமை மிக்கவருக்குச் சாதகமாகத் தாம் தீர்ப்பளித்துவிடக்கூடும் என்றும், அவ்வாறு தம் சகோதரனின் உரிமையைப் பெற்றவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்றும் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் அளித்த தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், காலவரம்புச் சட்டத்தின் ஒரு பிரிவு ஆக்கிவிடுமா? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவர் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸிலும், பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தால் விதிவிலக்கு என்று எதுவும் இல்லை.

ஊரில் இருப்பவரின் நியாயம்

ஊரில் இருந்தவரின் பக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். “உம்மாவை நோயில் பார்த்தது நான். வீட்டு வரி கட்டியது நான். கூரை இற்றுப்போனபோது மாற்றியது நான். அவர்கள் பெருநாளுக்குப் பணம் அனுப்பியதோடு சரி. இப்போது வந்து பாதி கேட்கிறார்கள்” என்று அவர் சொல்கிறார். இதில் வலி இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

அதற்குரிய வழி கணக்கு. செய்த செலவை எழுதி வைத்து, பங்காளிகளிடம் காட்டி, பாகப்பிரிவினைக்கு முன் அதைப் பேசி முடித்துக்கொள்ளலாம். பங்காளிகள் தம் பங்கிலிருந்து மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதுவும் நன்று. ஆனால் செலவு செய்தவர் என்பதால் பங்கே தமக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தாயைப் பராமரித்ததன் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. அதைச் சகோதரியின் பங்கில் வசூலிக்க வேண்டாம்.

சபுராளிக்கும் பொறுப்பு உண்டு. இருபது ஆண்டுகள் வாய் மூடி இருந்துவிட்டு, அண்ணன் தன் சேமிப்பையெல்லாம் கொட்டி மாடி எழுப்பிய பின் வந்து பங்கு கேட்பது, ஹக்காக இருந்தாலும், உறவை முறிக்கும் வழியாகும். உரிய காலத்தில் கேட்பது பேராசை ஆகாது. அண்ணன் ஹராமில் விழாமல் காப்பதற்கும் அது ஓர் உதவியே.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படுபவர்கள் பெண்கள். கணவரோடு அபூதாபியில் குடியிருக்கும் லாத்தாவுக்கு, வாப்பாவின் தோப்பு பிரிக்கப்பட்ட செய்தியே எட்டுவதில்லை. குறைவாயினும் கூடுதலாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று சூரத்துன் நிஸாவின் 7ஆம் வசனம் விதித்திருக்க, “அவள் கேட்கவில்லையே” என்பது காரணமாகாது. எத்தீம்களின் நிலையும் இதுவே. சிறுவயதில் தந்தையை இழந்தவருக்கு, பதினெட்டு வயது நிறைந்த பின் குறைந்தது மூன்று ஆண்டு அவகாசத்தைச் சட்டம் பல வழக்குகளில் தருகிறது. அந்த வயதில் பிள்ளை வேலை தேடி விமானம் ஏறிவிடுகிறான். அவகாசம் அவன் அறியாமலே கழிந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

கடனை எழுதுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடனை எழுதுவதைப் பற்றியது. சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அது பணிக்கிறது. சொந்தத்தில் எழுதி வாங்குவது சந்தேகப்படுவதாகும் என்று நினைப்பவர்கள், அந்த வசனம் ஈமான் கொண்டவர்களை விளித்தே இறங்கியது என்பதை நினைவிற்கொள்க.

கெடு முடியுமுன் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கடன்பட்டவர், கடன் உண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து புதிய கெடு பிறக்கிறது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. கெடுவுக்குள் ஒரு பகுதியைச் செலுத்தி, அதற்குத் தம் கைப்பட எழுதியோ கையொப்பமிட்டோ கொடுத்தாலும் அவ்வாறே. கைபேசியில் வந்த ஒரு குரல் செய்தியை நம்பி இருந்துவிட வேண்டாம். கெடு முடிந்த பிறகும், கடன்பட்டவர் மனம் திருந்தி, தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அந்த வாக்குறுதியைச் செல்லும் என ஏற்கிறது. இங்கே மஜல்லாவும் நம் நாட்டுச் சட்டமும் கை கோக்கின்றன.

ஊர் வர இயலாவிட்டால் வக்காலத்துக் கொடுங்கள். நம்பிக்கையான ஒருவரை வக்கீலாக நியமிப்பது ஃபிக்ஹ் அறிந்த வழி. சட்டமும் அறிந்த வழி. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டும். விற்கும் அதிகாரம் வரை அள்ளிக் கொடுக்காமல், வழக்கு நடத்தவும் பாகப்பிரிவினையில் கலந்துகொள்ளவும் மட்டும் எழுதினால் பாதுகாப்பு. ஆண்டுக்கொரு முறை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கெடு நெருங்குகிறதோ என்ற ஐயம் வந்தால், விடுப்புக்காகக் காத்திராமல் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டுங்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் மௌத்தானால் ஜனாஸாவை நாம் சிறப்பாகவே எடுக்கிறோம். அதன் பிறகு, வாரிசுகள் யார் யார், அவர்களில் வெளிநாட்டில் இருப்பவர் யார் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, கடனை அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றி, ஓராண்டுக்குள் பாகம் பிரிக்கும்படி குடும்பத்தாருக்கு நினைவூட்டுவதையும் வழக்கமாக்கலாம். அந்தப் பதிவேடு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் ஊரில் இல்லாதவரின் பெயர் ஊரின் முன் எழுதப்பட்டிருந்தால், அவர் இல்லை என்று யாரும் எளிதில் நடந்துகொள்ள முடியாது. விடுப்பில் சபுராளிகள் கூடும் நாள்களில் ஒரு ஜுமுஆ பயானை இதற்கென ஒதுக்குவதும் பயன் தரும்.

நீதிமன்றத்தின் கெடு மூன்று ஆண்டுகளிலோ பன்னிரண்டு ஆண்டுகளிலோ முடிந்துவிடும். அடியானின் ஹக்குக்குக் கெடு, அதை உரியவரிடம் சேர்க்கும் வரை அல்லது அவர் மனமுவந்து மன்னிக்கும் வரை நீள்கிறது. ஷஹீதுக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே கெடு கடந்துவிட்டது என்று நிம்மதி அடைந்திருப்பவர், இன்றே பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். கெடு ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் கடலுக்கு அப்பால் இருப்பவர், இன்றே ஒரு கடிதம் எழுதட்டும்.

நம் கைகளில் இருக்கும் பிறர் ஹக்குகளை, நம் ஆயுளின் கெடு முடியுமுன் உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.